எண்பதாவது ஆள்

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, இஷாத் தொழுகையை முடித்து வீடு திரும்பிய நாம், வழக்கம்போல் மொட்டை மாடியில் பாயை விரித்து அமர்ந்திருந்தோம். அம்பத்தூரில் கோடை இரவுக் காற்று வேண்டுவோர்க்கு மொட்டை மாடியை விட்டால் வேறு கதி இல்லை. ஆவடிப் பக்கம் போகும் மின்சார வண்டி திருமுல்லைவாயிலை நோக்கி நகரும் ஓசை கேட்டு அடங்கியது. அதே மாடியின் மறுகோடியில் எம் அண்ணன் மகனும் அவனுடைய தோழர்கள் எழுவரும் வட்டமாக உட்கார்ந்து, ஒரு மடிக்கணிப்பொறியை நடுவில் வைத்துக்கொண்டு, பெரிய சபை நடத்துவதுபோல் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். தெருவில் தொழுகைக்குப் போகிறவனும் கோயிலுக்குப் போகிறவனும் மாதாகோயிலுக்குப் போகிறவனும் அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

பிறகு அண்ணன் மகன் ஒரு தாளை ஏந்தியபடி எம்மிடம் வந்தான்.

"சாச்சா, எட்டு டீம் எடுத்திருக்கோம். யார் நல்லா எடுத்திருக்காங்கன்னு நீங்க மார்க் போடணும். நீங்கதான் பாக்டரியில அப்ரண்டிஸ்களுக்கெல்லாம் மார்க் போட்டவராச்சே!"

அவன் சொன்னது உண்மைதான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றிய நாம், அவற்றில் பதினேழு ஆண்டுகள் பயிற்சிக்கு வரும் இளைஞர்களை மேற்பார்த்து, மாதந்தோறும் மதிப்பெண் இட்டு மேலிடத்துக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்தோம். அந்தப் பழைய உத்தியோகப் பெருமை இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை போலும். தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டோம். ஆனால் மதிப்பெண் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது.

"இதில் பணம் உண்டா?"

"சத்தியமா ஒரு பைசா கிடையாது சாச்சா."

நாம் இவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. கற்பனை அணி கட்டி அதன்மேல் பணம் வைக்கும் ஆட்டங்களால் எத்தனை இளைஞர்கள் கடனாளி ஆனார்கள் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க நம் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திருமறையோ மதுவையும் சூதையும் அம்பெறிந்து குறி பார்ப்பதையும் ஒரே வரிசையில் வைத்து (5:90) அவற்றிலிருந்து விலகச் சொல்லிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளின் ஆட்டத்தில் பணம் இல்லை என்று அறிந்த பிறகே எமக்குத் தாளைப் படிக்க மனம் வந்தது.

ஆட்டத்தின் அமைப்பை வாசகர்களுக்கு விளக்கிவிடுவது நல்லது.

கூடைப்பந்து என்பது நமக்குப் புதிய விளையாட்டன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களைக் கூரையின்கீழ் ஓடவைப்பதற்காக இரண்டு பழக்கூடைகளை மாட்டித் தொடங்கிய ஆட்டம் அது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டில் தோற்றுவித்து இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைப் பற்றி அறியாத விளையாட்டாசிரியர் தமிழ்நாட்டில் இல்லை. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்று, 2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை நம் சென்னைக்காரர்தான். ஆனால் எம் வீட்டு மாடியில் நடந்த ஆட்டத்தில் பந்தும் இல்லை, கூடையும் இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் எறிதல், தாவுதல், தடுத்தல், பகிர்தல் ஆகிய திறன்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று எண் கொடுத்துக் கணிப்பொறியில் ஏற்றிவிடுகிறார்கள். அது அந்த எண்களையும் கொஞ்சம் தற்செயலையும் கலந்து ஆட்டங்களைத் தானே ஆடி முடிவு சொல்கிறது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரன்ட் என்ற எழுத்தாளர் தம் நண்பர்களோடு சேர்ந்து பேஸ்பால் ஆட்டத்துக்கு இத்தகைய கற்பனை அணிகளை அமைத்தார். அந்த மரத்தில் கிளைத்த கிளைகளில் ஒன்று அம்பத்தூர் வரை நீண்டிருக்கிறது.

இதில் கணிப்பொறி செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஆள் எடுப்பது. பிள்ளைகள் அதை டிராப்ட் என்கிறார்கள். எட்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் பத்துப் பேர். யார் முதலில் எடுப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். முதல் சுற்றில் ஒன்றாம் அணி தொடங்கி எட்டாம் அணி வரை எடுத்தால், இரண்டாம் சுற்றில் எட்டாம் அணி தொடங்கி ஒன்றாம் அணியில் முடிகிறது. பாம்பு வளைந்து திரும்புவதுபோல் முறை திரும்பிக்கொண்டே இருக்கும். ஒன்றாம் அணிக்கு முதலாவது ஆளும் பதினாறாவது ஆளும் கிடைப்பார்கள். எட்டாம் அணிக்கு எட்டாவதும் ஒன்பதாவதும் கிடைப்பார்கள். எந்த அணிக்குக் கூட்டிப் பார்த்தாலும் பதினேழு வருகிறது. ஒரு நாளின் ஃபர்ளான ரக்அத்துகளின் எண்ணிக்கையும் அதுவே என்று நாம் வேடிக்கையாகச் சொன்னபோது, அண்ணன் மகன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வியந்தான்.

சீட்டுப் போடுவதைப் பற்றியும் ஒரு சொல். சூது வேறு, சீட்டுக் குலுக்கி முறையைத் தீர்மானிப்பது வேறு. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்த செய்தி திருமறையில் (3:44) இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியரில் யார் உடன்வருவது என்பதைச் சீட்டிட்டுத் தீர்மானித்ததை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. எல்லோருக்கும் உரிமை சமமாக இருந்து, ஒருவருக்கு மட்டுமே இடம் இருக்கும்போது, யார் மனமும் நோகாமல் இருக்க அது ஒரு வழி. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையும் இத்தகையதே. ஆனால் அங்கே ஒரு நுட்பம் உண்டு. வயது, நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி என்று தகுதி பார்த்தபின்பே ஓலையில் பெயர் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சிறு பிள்ளையைவிட்டுக் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் செய்தார்கள். மனிதர் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, மீதியைத் தற்செயலிடம் விட்டுவிட்ட அடக்கம் அது.

இனி எம் மதிப்பெண்களுக்கு வருவோம்.

நாம் தொழிற்சாலைப் பழக்கப்படி கோடு போட்டு, கட்டங்கள் வரைந்து, சமநிலை, ஆழம், துணிவு, சிக்கனம் என்று தலைப்பிட்டு ஒவ்வோர் அணிக்கும் தரம் எழுதினோம். எல்லாக் காலத்து வீரர்களையும் கலந்து வைத்திருந்ததால் பெயர்களில் பாதி எமக்குத் தெரியாது. எண்களைப் பார்த்தே போட்டோம். இரண்டாம் அணிக்கு மைக்கேல் ஜோர்டான் கிடைத்திருந்தார். அந்தப் பெயரை அறியாதார் இல்லையாகையால் அதற்கு முதல் தரம். அண்ணன் மகனின் அணிக்கு அடுத்த தரம். கடைசியாக ஒன்றாம் அணிக்கு வந்தோம். அது எதிர்வீட்டுப் பையனுடையது. அதிகம் பேசாத, கண்ணாடி அணிந்த, தன் வயதுக்குச் சற்றுக் குட்டையான பையன். சீட்டில் முதல் முறை அவனுக்கு விழுந்திருந்தது. உலகத்தில் எந்த வீரனையும் எடுக்கும் வாய்ப்பு கையில் இருந்தும், ஜோர்டானை விட்டுவிட்டு ஹகீம் ஒலாஜுவான் என்பவரை எடுத்திருந்தான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "நோன்பு வைச்சிக்கிட்டு விளையாடினவர் அவர்" என்பதுதான் அவன் சொன்ன காரணமாம்.

நாம் அந்த அணிக்கு எட்டாம் இடம் கொடுத்தோம். பக்கத்தில் சிவப்பு மையால், "உணர்ச்சிவயப்பட்ட தேர்வு" என்றும் எழுதினோம். அப்படி எழுதியதில் எமக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகுதான் பட்டியலின் அடியைப் பார்த்தோம். பத்தாம் சுற்றுக்கு அந்தப் பிள்ளைகள் ஒரு விசேஷ விதி வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றில் பெரிய வீரர்களை எடுக்கக் கூடாது. தங்கள் எட்டுப் பேரையே வீரர்களாக்கி, ஒருவருக்கொருவர் எண் கொடுத்து, அவர்களிலிருந்து ஓர் ஆளை எடுக்க வேண்டும். தன்னைத் தானே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் மகனுக்கு அறுபத்தெட்டு எண். எதிர்வீட்டுப் பையனுக்கு முப்பத்து நான்கு. எட்டாம் அணியில் தொடங்கிய அந்தச் சுற்றில் ஏழு பேரும் ஏழு பேரை எடுத்தபின், ஒன்றாம் அணிக்கு எஞ்சியிருந்தவன் அதன் தலைவனே. அவனை யாரும் எடுக்கவில்லை. இப்படி ஒன்று நேரும் என்று விதி வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. "பரவாயில்லடா, உன்னை நீயே எடுத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். எண்பதாவது ஆளுக்கு நேராக அவனுடைய பெயர் அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது.

சிவப்பு மையை அழிக்க முடியாது. தாளை மடித்து அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தோம். அன்று இரவு எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

உறக்கம் வராததற்கு அந்தப் பையன் மட்டும் காரணமல்லன்.

பல ஆண்டுகளுக்கு முன், பட்டாபிராம் பக்கத்திலிருந்து தினமும் மின்சார வண்டியில் வந்து எம்மிடம் தொழில் பயின்ற ஓர் இளைஞர் இருந்தார். கடைசல் எந்திரத்தில் கை நன்றாக ஓடும். ஆனால் வாய் திறக்க மாட்டார். ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் இட வேண்டும். அவற்றில் ஒன்று "ஆர்வம்". கேள்வி கேட்காதவனுக்கு ஆர்வம் இல்லை என்பது அன்று எமது கணக்கு. பத்துக்கு மூன்று போட்டோம். மூன்று மாதங்கள் தொடர்ந்து அதே மூன்று. பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரை நிலைநிறுத்த வேண்டியபோது, மேலிடத்தார் கூட்டல் தொகையைப் பார்த்தார்கள். அவர் வெளியே போனார். நாம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். பேசவில்லை. மதிப்பெண் பேசிவிட்டதே, நாம் ஏன் பேச வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எம் வீட்டு மோட்டாரின் தண்டு தேய்ந்துபோய், திருமுல்லைவாயிலில் ஒரு சிறு பட்டறைக்கு அதை எடுத்துப் போனோம். கடைசல் எந்திரத்தின் முன் நின்றவர் தலை நிமிர்ந்தார். அவர்தான். தலை நரைத்திருந்தது. "வாங்க சார்" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார், தண்டை அளந்து, கடைந்து, மீண்டும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து எம் கையில் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "நீங்க பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் சார் இன்னும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கிறேன்" என்றார். அதில் குத்தல் இருந்ததா, நன்றி இருந்ததா என்று அவருடைய முகத்தைத் தேடினோம். நன்றிதான் இருந்தது. அந்த நன்றி எமக்குக் குத்தலைவிட அதிகமாக வலித்தது. அந்த மூன்றைப் பற்றி நாம் வாய் திறக்கவில்லை. அன்று வாய் திறக்காதவர்கள் எமது பட்டியலில் எந்த மதிப்பெண்ணுக்கு உரியவர்களோ, அந்த மதிப்பெண்ணுக்கு நாமே உரியவரானோம்.

எதிர்வீட்டுப் பையனின் தேர்வைப் பற்றி மறுநாள் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். படித்தபோது எம் சிவப்பு மை மேலும் சிவந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் புதிய வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் முறையை 1947 முதல் நடத்தி வருகிறது. பலவீனமான அணிக்கு முன்னுரிமை என்பது அதன் அடிப்படை. 1984ஆம் ஆண்டில் முதலிடம் யாருக்கு என்பதை ஹூஸ்டன், போர்ட்லாண்டு என்னும் இரண்டு அணிகளுக்கிடையே நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். ஹூஸ்டன் வென்றது. மைக்கேல் ஜோர்டான் அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்தும், ஹூஸ்டன் முதலாவதாக எடுத்தது ஒலாஜுவானை. ஆம், எதிர்வீட்டுப் பையன் செய்ததையே உண்மையான ஓர் அணி உண்மையாகவே செய்திருக்கிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963ஆம் ஆண்டு பிறந்து, பதினைந்து வயது வரை கூடைப்பந்தைத் தொடாமல் கால்பந்தில் கோல் காத்துக்கொண்டிருந்தவர் அவர். 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹூஸ்டனுக்குக் கோப்பையை வென்று தந்தார். 1995ஆம் ஆண்டு ரமலான் மாதம் பிப்ரவரியில் வந்தது. பகல் ஆட்டமானாலும் நோன்பை விடாமல் ஆடிய அவர், அந்தப் பிப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பையன் சொன்ன காரணம் வெறும் உணர்ச்சி அன்று. அதற்குப் பின்னால் வரலாறு இருந்தது. அந்த வரலாற்றை அவன் அறிந்திருந்தான்; நாம் அறிந்திருக்கவில்லை.

அதே 1984இல் போர்ட்லாண்டு இரண்டாவதாக சாம் போவி என்ற நெட்டை வீரரை எடுத்தது. மூன்றாவதாகத்தான் ஜோர்டான் சிகாகோவுக்குக் கிடைத்தார். போவிக்குக் காலில் அடிமேல் அடி பட்டது. ஜோர்டான் உலகப் புகழ் பெற்றார். விளையாட்டு வரலாற்றிலேயே மிக மோசமான தேர்வு என்று போர்ட்லாண்டை இன்றளவும் ஏசுகிறார்கள். ஆனால் ஜோர்டான் ஆடும் அதே இடத்துக்குக் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற நல்ல வீரர் போர்ட்லாண்டிடம் முந்திய ஆண்டே வந்துவிட்டார். அவர்களுக்கு வேண்டியிருந்தது உயரமான ஆள். அந்த வகையில் அவர்கள் செய்தது அறிவுக்குப் பொருத்தமே. போவி கல்லூரியிலேயே கால் முறிவால் இரண்டு பருவங்கள் ஆடாமல் இருந்தவர் என்பதை எடை போடத் தவறினார்கள் என்றால், அந்தக் குற்றச்சாட்டு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவை மட்டும் பார்த்துச் சிரிப்பது எளிது.

அமெரிக்கப் பத்திரிகைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆள் எடுத்த மறுநாள் காலையிலேயே, ஒரு பந்தும் எறியப்படுமுன், ஒவ்வோர் அணிக்கும் தரம் போட்டு அச்சிட்டுவிடுகிறார்கள். எமது மொட்டை மாடி உத்தியோகத்தின் மூலம் அதுவே. 2014ஆம் ஆண்டில் செர்பியாவைச் சேர்ந்த நிக்கோலா யோக்கிச் நாற்பத்தோராவது ஆளாக எடுக்கப்பட்டபோது, தொலைக்காட்சியில் ஓர் உணவுக் கடையின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் அறிவிக்கப்பட்டதைக்கூட நேயர்கள் முழுதாகப் பார்க்கவில்லை. அவரோ 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்தச் சங்கத்தின் தலைசிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்றார். மறுபக்கமும் உண்டு. பஞ்சாபின் ஒரு சிற்றூரிலிருந்து சென்ற சத்னாம் சிங், 2015ஆம் ஆண்டில் ஐம்பத்திரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டு, இந்தியாவில் பிறந்து அப்படி எடுக்கப்பட்ட முதல் வீரரானார். நாடே மகிழ்ந்தது. ஆனால் அந்தச் சங்கத்தின் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. ஆகவே, பின்னால் எடுக்கப்படுவோர் எல்லோரும் ஒருநாள் முன்னுக்கு வருவார்கள் என்று கதை கட்டுவதற்கும் நாம் தயாராக இல்லை. சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். திருமுல்லைவாயில் பட்டறைக்காரர் நல்ல தொழிலாளி ஆகிவிட்டதால் எமது மூன்று தவறாகிவிட்டது என்பதும் முழு உண்மையன்று. அவர் ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தாலும் அந்த மூன்று தவறுதான். ஏனெனில் நாம் கண்டது அவருடைய மௌனத்தை. எழுதியதோ அவருடைய ஆர்வத்தைப் பற்றி.

அப்படியானால் மனிதரை எடை போடவே கூடாதா? போடாமல் உலகம் நடவாது. பெருமானார் (ஸல்) அவர்களும் ஆள் தெரிந்தெடுத்தவர்களே. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுக்குப் படை புறப்பட்டபோது, ஆர்வத்தோடு கூட வந்த சிறுவர்களை நிறுத்திப் பார்த்து, வயது போதாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) நன்றாக அம்பெய்வார் என்று தெரிவிக்கப்பட்டபோது அவருக்கு அனுமதி கிடைத்தது. உடனே சமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களின் முறையீடு வந்தது: மற்போரில் ராஃபிஉவை அவர் வீழ்த்திவிடுவாரே! இருவரையும் மோதவிட்டுப் பார்த்ததாகவும், சமுரா வென்று அவரும் அனுமதி பெற்றதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதே நாளில் திருப்பி அனுப்பப்பட்ட பதினான்கு வயது அப்துல்லாஹ் பின் உமர் (ரலி), பதினைந்து வயதில் அகழ்ப்போரின்போது அனுமதிக்கப்பட்டார். இந்தச் செய்திகளை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் பதினேழு ஆண்டுகள் மதிப்பெண் போட்டபோது ஒருமுறையும் அவை நினைவுக்கு வரவில்லை. அங்கே தெரிந்தெடுத்தல் இருக்கிறது. ஆனால் விலக்கப்பட்டவனுக்கு வாய் இருக்கிறது. "என்னையும் சோதித்துப் பாருங்கள்" என்று அவன் கேட்கலாம்; கேட்டால் சோதித்துப் பார்க்கிறார்கள். "இல்லை" என்ற சொல்லுக்கு "இந்த ஆண்டு இல்லை" என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில், இருபது வயதைத் தாண்டாத உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்களைப் படைத் தலைவராக்கியபோது சிலர் குறை பேசினார்கள். மூத்தவர்கள் இருக்க இந்த இளைஞரா என்றார்கள். இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு இப்படித்தான் குறை கூறினீர்கள் என்று பெருமானார் (ஸல்) நினைவூட்டி, தந்தையும் தகுதியானவர், மகனும் தகுதியானவர் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். மறுநாளே தரம் போடும் அவசரம் அமெரிக்காவில் பிறந்ததன்று.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்று அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) விலக்குகிறது. நகைக்கப்படுவோர் நகைப்போரைவிட மேலாக இருக்கக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எமது சிவப்பு மையில் பரிகாசம் இல்லை என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்தத் தாளைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தபோது அது பரிகாசமாகத்தான் ஒலித்திருக்கும்.

நாம் சிறுவராக இருந்த காலத்தில் சடுகுடு ஆடுமுன் உத்தி பிரிப்போம். நம் வாசகர்களில் மூத்தோர்க்கு இது நினைவிருக்கும். தலைவர்கள் இருவர் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து தோளில் கைபோட்டுத் தூரமாகப் போய், ஒருவன் மல்லிகை, ஒருவன் தாமரை என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "மல்லிகை வேண்டுமா, தாமரை வேண்டுமா?" என்று கேட்பார்கள். தலைவன் ஒரு பூவைச் சொல்வான். அந்தப் பூவுக்குரியவன் அவன் பக்கம் போவான். அன்று அது வெறும் விளையாட்டாகத் தோன்றியது. இன்று எண்ணிப் பார்த்தால் அதன் ஞானம் புலப்படுகிறது. ஓட்டத்தில் சமமான இருவர் தாமாகவே இணை சேர்ந்துகொள்வார்கள். ஆகவே இரண்டு அணியும் சமமாக அமையும். தங்களை எடை போடுகிறவர்கள் அவர்களே. அதுவும் யாரும் கேளாத தூரத்தில். தலைவன் தேர்ந்தெடுப்பது பெயரைத்தான், ஆளை அன்று. எல்லோரும் பார்த்திருக்கக் கடைசியாக எஞ்சி நிற்பவன் என்று ஒருவன் அந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை. எழுத்தறியாத பிள்ளைகளும் ஆடிய அந்த முறையில் இருந்த இரக்கம், எமது ஐந்து தலைப்புப் பட்டியலில் இல்லை.

இதை அண்ணன் மகனிடம் விளக்கிச் சொன்னோம். ஆர்வமாகக் கேட்டான். "ஆனா சாச்சா, நம்பர் எல்லாருக்கும் தெரியுமே. மல்லிகைன்னு சொன்னாலும் அவன் முப்பத்து நாலுன்னு தெரியும்" என்றான். அவன் சொல்வதும் நியாயமே. ஒருமுறை எழுதிவிட்ட எண்ணைப் பூப்பெயர் மறைக்காது. எழுதுமுன் யோசிப்பதுதான் வழி.

பிள்ளைகளின் போட்டி ஒரு வாரத்தில் முடிந்தது. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு நான்கு முறை வீதம் இருபத்தெட்டு ஆட்டங்களைக் கணிப்பொறி ஆடித் தீர்த்தது. நாம் முதல் தரம் கொடுத்த இரண்டாம் அணி ஆறாவதாக வந்தது. எட்டாம் இடம் கொடுத்த ஒன்றாம் அணி நான்காவதாக முடிந்தது. கோப்பை நாம் எண்ணிப் பார்க்காத ஓர் அணிக்குப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பையன் எம் அருகில் வந்து ஸலாம் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாம் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில், அவனே பேசினான்.

"மாமா, நான் பதினொரு பாயிண்ட் எடுத்திருக்கேன்."

முதலில் எமக்குப் புரியவில்லை. பிறகு விளங்கிற்று. அவன் தன் அணி நான்காவதாக வந்ததைச் சொல்லவில்லை. ஒலாஜுவானைப் பற்றியும் சொல்லவில்லை. அந்த எண்பதாவது ஆள், முப்பத்து நான்கு எண் பெற்றவன், இருபத்தெட்டு ஆட்டங்களில் சில நிமிடங்கள் களம் இறங்கி, பதினொரு புள்ளிகள் எடுத்திருக்கிறான். அதையே அவன் ஒரு வாரமாகத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

"மாஷா அல்லாஹ்" என்றோம். "உன் அணிக்கு நான் போட்ட மார்க் தப்பு. உன் ஹகீமைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது" என்றும் சொன்னோம். அவன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தான். "பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிட்டு, தோழர்களைத் தேடி ஓடினான்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடிந்ததை, நரைத்த தலையோடு திருமுல்லைவாயிலில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்பவரிடம் நாம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம்; எமக்குத் தேவைப்படுகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளின் தேர்ச்சி அட்டையில் கையெழுத்திடும்போதும், பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கப் போய்த் திரும்பி வரும் வழியில் ஒரு சொல்லில் தரம் போட்டு முடிக்கும்போதும், வேலைக்கு வந்த ஏழைப் பிள்ளையை ஒரு பார்வையில் அளந்துவிடும்போதும், அன்பர்கள் இந்த மொட்டை மாடிக் கணக்கைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக. நாம் பார்த்தது எவ்வளவு, எழுதுவது எவ்வளவு என்று ஒரு கணம் நிதானித்தால் போதும். நமது தோளிலும் எழுதுகிறவர்கள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். நம் பெயரும் ஒரு பட்டியலில் இருக்கிறது.

மோட்டாரின் தண்டு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயினும், இன்ஷா அல்லாஹ், வருகிற வாரம் அந்தப் பட்டறைக்கு ஒருமுறை போக வேண்டும். இந்த முறை கையில் வேலை எதுவும் கொண்டு போவதாக இல்லை.